பச்சைத் தண்ணீரை அளந்த கதை

நம் கல்லூரி மலரில் வழக்கமாக ஹாஸ்டல் மெஸ் சாம்பார், ஒர்க்‌ஷாப் மாஸ்டரின் விசில், கடைசி பெஞ்ச் கூத்து இவையெல்லாம் வரும். மலர்க்குழு நண்பர் போனில் கூப்பிட்டு, "நீ இன்ஸ்ட்ருமென்டேஷன்காரன், ஏதாவது ஒரு அளவையோட வரலாறை எழுதிக் கொடு, நாலு பக்கம் போதும்" என்றார். யோசித்துப் பார்த்தேன். தெர்மாமீட்டர், வோல்ட்மீட்டர் வரலாறெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். நான் எழுதப்போவது பிரசவ அறை சமாசாரம். பெண்கள் விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம்மில் பலர் அந்த அறைக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறோம். இப்போது படிக்கும் தம்பிகளும் ஒருநாள் நிற்பார்கள். தங்கைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சில வருஷங்களுக்கு முன் என் மனைவிக்குப் பிரசவ வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நர்சம்மா வெளியே வந்து, "தண்ணி பச்சையா போவுது, டாக்டரைக் கூப்பிட்டிருக்கோம்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெளியே வந்த டாக்டரிடம், "எவ்வளவு பச்சை மேடம்? அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டேன். பயத்திலும் தொழில் புத்தி போகவில்லை. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "அதை யாரும் அளக்கிறதில்லைங்க. குழந்தையோட ஹார்ட்பீட்டைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

குழந்தை பிறந்து நன்றாக அழுதது. எங்கள் வீட்டில் இப்போது அதன் சத்தம்தான் பெரிய சத்தம். ஆனால் "யாரும் அளக்கிறதில்லை" என்ற வார்த்தை மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஏன் அளப்பதில்லை? அளக்க முடியாதா, அளந்து பார்த்து விட்டுவிட்டார்களா? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அம்மா ஏன் தரையில் உட்கார்ந்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது?

வயிற்றில் குழந்தை மிதக்கும் நீரைப் பனிக்குட நீர் என்கிறோம். சுமார் 34 வாரத்தில் அது அதிகபட்சமாக 800 மி.லி.யைத் தொட்டு, பிறகு மெல்லக் குறைகிறது. தெளிவாகவோ லேசான வெளிர் நிறத்திலோ இருக்கும். குழந்தை அதைக் குடிக்கிறது, சிறுநீராக வெளியே விடுகிறது. குடித்ததில் மிஞ்சும் சக்கை, குடலில் உதிரும் செல்கள், சளி, உடம்பின் பூனைமுடி, தோலில் இருக்கும் மாவுப் பூச்சு, கூடவே பித்த நிறமிகள் எல்லாம் சேர்ந்து கரும்பச்சையாகத் தார் மாதிரி குடலில் தங்கும். இதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் மெகோனியம். நம் பாட்டிமார்கள் காட்டுப்பீ என்று சொல்வார்கள். பிறந்த குழந்தை ஓரிரு நாளில் கறுப்பாக வெளியேற்றுவது இதுதான்.

சில குழந்தைகள் வெளியே வரும்வரை காத்திருப்பதில்லை, உள்ளேயே போய்விடுகின்றன. பனிக்குட நீர் பச்சையாகிவிடுகிறது. நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 8 முதல் 20 வரை இப்படி நடக்கிறது. 34 வாரத்துக்கு முன்னால் அபூர்வம். நாள் தள்ளிப் போகப் போக அதிகம். 42 வாரம் தாண்டினால் மூன்றில் ஒன்று என்ற கணக்குக்கு வந்துவிடுகிறது. குடல் முதிர்ந்து வேலை செய்ய ஆரம்பிப்பது ஒரு காரணம். பிராணவாயு குறைந்து குழந்தை திணறுவது இன்னொரு காரணம். சிக்கலே இதில்தான் இருக்கிறது. ஒரே பச்சை இரண்டு வெவ்வேறு சேதியைச் சொல்கிறது: "நான் வளர்ந்துவிட்டேன்" என்பது ஒன்று, "எனக்கு மூச்சு முட்டுகிறது" என்பது மற்றொன்று. நம் பாஷையில் சொன்னால், ஒரே அவுட்புட்டுக்கு இரண்டு இன்புட்.

இந்தக் கலங்கிய நீரைக் குழந்தை மூச்சோடு இழுத்துவிட்டால் நுரையீரலில் அடைப்பு, அழற்சி, இன்னும் பல தொல்லைகள். நீர் பச்சையான குழந்தைகளில் நூற்றுக்கு சுமார் 5 பேருக்கு இது வருகிறது. வந்தால் சில சமயம் உயிருக்கே ஆபத்து.

அபினும் அரிஸ்டாட்டிலும்

மெகோனியம் என்ற பெயர் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கசகசாச் செடியின் பால், அதாவது அபின் என்று அர்த்தம். இதை அரிஸ்டாட்டில் வைத்த பெயராகச் சொல்வது மருத்துவ உலகின் மரபு. பார்க்க அபின் உருண்டை மாதிரி இருப்பதாலும், குழந்தையை வயிற்றுக்குள் தூங்கவைப்பது இதுதான் என்ற நம்பிக்கையாலும் வந்ததாம். பச்சைத் தண்ணீருக்கும் சோர்ந்து பிறக்கும் குழந்தைக்கும் ஏதோ சம்பந்தம் உண்டென்று மருத்துவச்சிகள் அத்தனை காலமாகக் கண்ணால் கண்டு வைத்திருந்தார்கள் என்று இதற்கு அர்த்தம்.

1903-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஜே. விட்ரிட்ஜ் வில்லியம்ஸ் தம் பாடப்புத்தகத்தில் ஒரு விளக்கம் கொடுத்தார்: ரத்தத்தில் பிராணவாயு குறையும்போது குழந்தையின் ஆசனவாய்த் தசை தளர்ந்துவிடுகிறது, அதனால்தான் மலம் வெளியேறுகிறது என்றார். இந்த விளக்கம் வெகுகாலம் ஆட்சி செய்தது. பச்சை என்றால் ஆபத்து என்பது சூத்திரம் ஆயிற்று.

நகம் என்ற கடிகாரம்

அளவு என்ற எண்ணம் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்து தெளிவாகத் தலைகாட்டுவது 1956-ல். அமெரிக்காவின் ஹூஸ்டனில் மர்டினா டெஸ்மண்ட் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும், மெகோனியம் படிந்து பிறந்த குழந்தைகளைக் கவனித்து எழுதினார்கள். கறை ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தார்கள். நகம் மஞ்சளாக 4 முதல் 6 மணி நேரம். தோல்மேல் இருக்கும் மாவுப் பூச்சு மஞ்சளாக 12 முதல் 14 மணி நேரம். ஆக, பிறந்த குழந்தையின் நகம் மஞ்சளாக இருந்தால், உள்ளே மலம் போய் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று சொல்லலாம்.

என்ன அருமையான யோசனை பாருங்கள்! கருவி கிடையாது, கரன்ட் கிடையாது, குழந்தையின் நகமே கடிகாரம். ஆனால் இந்தக் கடிகாரம் பிரசவம் முடிந்த பிறகுதான் மணி சொல்லும். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அது உள்ளே இருக்கும்.

இரைச்சலே சிக்னலாக ஆன கதை

பிரசவத்துக்கு முன்பே நீரை எடுத்துப் பார்க்கும் வழி வேறொரு நோயால் வந்தது. தாயின் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ் என்றால், தாயின் உடம்பு குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கக் கூடும். அழிந்த அணுவிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி பனிக்குட நீரில் கலக்கும். இங்கிலாந்தில் மான்செஸ்டரில் டக்ளஸ் பெவிஸ் என்பவர் 1950-களில், வயிற்றில் ஊசி போட்டு எடுத்த நீரை ஆராய்ந்து குழந்தையின் நிலையை முன்கூட்டியே சொல்லலாம் என்று காட்டினார். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி 1961-ல் அதை ஒரு வரைபடமாகவே ஆக்கிவிட்டார்.

இங்கேதான் நம் லேப் வருகிறது. கெமிஸ்ட்ரி லேபில் நாம் படித்த பியர்–லாம்பர்ட் விதி ஞாபகம் இருக்கிறதா? கரைசல் எவ்வளவு செறிவோ அவ்வளவு ஒளியை உறிஞ்சும். 1941-ல் அமெரிக்காவில் பெக்மன் கம்பெனியின் டி.யூ. மாடல் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் சந்தைக்கு வந்தபின் இந்த வேலை நாள்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு வந்துவிட்டது. பிலிருபின் 450 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். லைலி என்ன செய்தார் என்றால், உறிஞ்சல் வளைகோட்டின் இரண்டு பக்கச் சரிவையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, 450-ல் அந்தக் கோட்டுக்கு மேல் மேடு எவ்வளவு உயரம் என்று அளந்தார். கிடைத்த எண்ணை, எத்தனையாவது வாரம் என்பதற்கு எதிரே குறித்தார். படத்தில் மூன்று மண்டலம்: கீழே இருந்தால் கவலை இல்லை, நடுவில் இருந்தால் மறுபடி பார், மேலே இருந்தால் உடனே ஏதாவது செய். ஒளி பட்டால் பிலிருபின் சிதைந்துவிடும் என்பதால் மாதிரியை இருட்டில் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பது அந்த வேலையின் ஒழுக்கம். 1963-ல் லைலி வயிற்றில் இருக்கும் குழந்தைக்கே ரத்தம் ஏற்றிக் காட்டினார்.

சரி, மெகோனியம் இதில் எங்கே வந்தது? தொல்லையாக வந்தது. மெகோனியம் 410 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சும். கலங்கிய மாதிரியில் அதன் மேடு பக்கத்திலேயே எழும்பி, 450-ல் எடுக்கும் ரீடிங்கைக் கெடுத்துவிடும். ரத்தம் கலந்தாலும் அந்தப் பக்கத்தில்தான் மேடு. பிலிருபினைத் தேடியவர்களுக்கு மெகோனியம் வெறும் இரைச்சல். ஆனால் ஒருவருக்கு இரைச்சல், இன்னொருவருக்குச் சிக்னல். 410-ல் மேடு எழுகிறதென்றால், அந்த மேட்டின் உயரத்தையே மெகோனியத்தின் அளவாக எடுத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி தானாகவே பிறந்தது.

லைலியின் அளவைக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1968-லிருந்து தாய்க்குப் போடும் ஆன்டி-டி ஊசி வந்து அந்த நோயே வெகுவாகக் குறைந்தது. 2000-ல் குழந்தையின் மூளை ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்த்தே ரத்தசோகையைச் சொல்லிவிடலாம் என்று ஜியான்கார்லோ மாரி குழுவினர் காட்டினார்கள். ஊசியும் வேண்டாம், வரைபடமும் வேண்டாம் என்றாயிற்று. ஒரு நல்ல அளவை, தன் வேலையை முடித்துவிட்டு ஓய்வு பெற்றது.

கூம்புக் குழாய் வழியே

ஊசி போடாமல் நீரின் நிறத்தைப் பார்க்க முடியாதா? பெர்லினில் எரிக் சாலிங் என்ற மருத்துவர் 1960-களின் தொடக்கத்தில் ஒரு வழி செய்தார். கருப்பை வாய் கொஞ்சம் திறந்திருக்கும் கடைசி வாரங்களில், விளக்கு வைத்த கூம்புக் குழாயை உள்ளே செலுத்தி, உடையாத பனிக்குடத்தின் சவ்வு வழியாகவே நீர் தெளிவா, பச்சையா என்று பார்ப்பது. அம்னியோஸ்கோப் என்று பெயர். குழந்தையின் தலையில் சின்னக் கீறல் போட்டு ஒரு துளி ரத்தம் எடுத்து, அதன் அமிலத்தன்மையைப் பார்க்கும் முறையும் அவர் கொடுத்ததுதான். பி.எச். 7.20-க்குக் கீழே போனால் குழந்தை திணறுகிறது என்று கணக்கு.

இந்த இரண்டும் ஒரே மனிதர் செய்தவை என்பதைக் கவனியுங்கள். பச்சை நிறம் சந்தேகத்தை எழுப்பும்; ரத்தத்தின் பி.எச். சந்தேகத்தைத் தீர்க்கும். ஒன்று அலாரம், இன்னொன்று அளவை. பின்னால் வந்தவர்கள் பலர் இந்த வித்தியாசத்தை மறந்து, அலாரத்தையே அளக்கப் பார்த்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வந்தபிறகு அதில் தெரியாதா என்று பலரும் கேட்பார்கள். நீர் எவ்வளவு இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லும். நீருக்குள் துகள் மிதப்பதும் தெரியும். ஆனால் அது மெகோனியமா, தோலிலிருந்து உதிர்ந்த மாவுப் பூச்சா என்று நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

எண்ணாக மாற்றும் முயற்சி

1975-ல் அமெரிக்காவில் மில்லர் குழுவினர் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்கள்: இதயத்துடிப்பு சரியாக இருந்து, நீர் மட்டும் பச்சையாக இருந்தால், அந்தக் குழந்தையின் ரத்தநிலை மற்றக் குழந்தைகளைவிட மோசமாக இல்லை. 1978-ல் மைஸ் குழுவினர் இதை வகைப்படுத்தினார்கள்: பிரசவத் தொடக்கத்தில் லேசான பச்சை, தொடக்கத்திலேயே கெட்டியான பச்சை, கடைசியில் வந்த பச்சை. தொடக்கத்திலேயே கெட்டியாக வருவதுதான் பயப்பட வேண்டியது என்றார்கள்.

ஆனால் கெட்டி என்றால் எவ்வளவு கெட்டி? ஒரு டாக்டருக்குக் கெட்டி, இன்னொருவருக்கு நடுத்தரம். நம் மெஸ் ரசம் மாதிரி. சிலர் ரசம் என்பார்கள், சிலர் தண்ணி என்பார்கள். இந்தச் சண்டையைத் தீர்க்க 1990-ல் வைட்ஸ்னர் குழுவினர் பனிக்குட நீரில் இருக்கும் மெகோனியத்தை எண்ணால் சொல்லும் முறையை வெளியிட்டார்கள். மெகோனியம்கிரிட் என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. ரத்தத்தைச் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, அடியில் தங்கும் அணுக்கள் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஹெமட்டோகிரிட் இருக்கிறதல்லவா, அதே யோசனை. மெல்லிய குழாயில் நீரை எடுத்துச் சுழற்றினால் திடப்பொருள் அடியில் தங்கும். மொத்த உயரத்தில் அது எத்தனை சதவீதம் என்று படித்தால் முடிந்தது. எளிமை, மலிவு, சட்டென்று முடியும். படித்தபோது எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

1991-ல் ட்ரிம்மரும் கில்ஸ்ட்ராப்பும் இந்த எண்ணைக் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எண் ஏறினால் அமிலத்தன்மையும் ஏறும் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. அதே ஆண்டில் ஜப்பானில் ஹொரியுச்சி குழுவினர், மெகோனியத்தில் ஒளிரும் பொருள் துத்தநாகக் கோப்ரோபார்ஃபைரின் என்று பிரித்துக் காட்டினார்கள். துல்லியமாக அளக்க இன்னொரு வழி பிறந்தது. 1993-ல் இங்கிலாந்தில் பிலிப் ஸ்டீர் இடம்பெற்ற குழு, பிரசவ நேரம் முழுக்க மெகோனியத்தைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஒரு முறையையே வெளியிட்டது. கருவி கூர்மையாகிக்கொண்டே போனது. ஆனாலும் பிரசவ அறைக்குள் இவற்றில் எதுவும் நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை என்பதை இன்ஜினியர் கண்ணால் பார்த்தால் மூன்று காரணம் தெரிகிறது.

ஒன்று, அளப்பது செறிவைத்தான், மொத்த அளவை அல்ல. ஒரே அளவு மெகோனியம் 800 மி.லி. நீரில் கலந்தால் லேசான பச்சை. நீர் வற்றி 200 மி.லி. ஆனபின் கலந்தால் நான்கு மடங்கு கெட்டி. ஆக கெட்டி என்பது நீர் குறைவு என்ற சேதியையும் சேர்த்துச் சொல்கிறது. பின்னத்தில் மேலே இருப்பது மாறியதா, கீழே இருப்பது மாறியதா என்று அந்த ஒரு எண்ணுக்குத் தெரியாது.

இரண்டு, மாதிரி எடுக்கும் சிக்கல். கையில் கிடைப்பது முன்னால் வழியும் நீர். குழந்தையின் தலை அடைத்துக்கொண்டிருக்க, பின்னால் தங்கியிருக்கும் நீர் வேறு மாதிரி இருக்கலாம். தொட்டியைக் கலக்காமல் மேலே ஒரு டம்ளர் மொண்டு பார்ப்பது போலத்தான்.

மூன்று, அது நடந்து முடிந்ததைச் சொல்லும் அளவை. எப்போதோ ஒரு கணம் திணறி, மலம் போய், பிறகு சரியாகிவிட்ட குழந்தையின் நீரும் பச்சைதான். இந்த நிமிஷம் திணறும் குழந்தையின் நீர் தெளிவாகவும் இருக்கலாம்.

கெட்டியான நீரில் பிறக்கும் குழந்தைக்கு நுரையீரல் பாதிப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. அதனால் கண்ணால் பார்த்து மெல்லியது, கெட்டி என்று குறித்துக்கொள்வது இன்றைக்கும் வழக்கம். ஆனால் 12 சதவீதம், 27 சதவீதம் என்று எழுதிவைத்தால் டாக்டர் எடுக்கும் முடிவு மாறுமா? மாறாது. பைனல் இயரில் எங்கள் புராஜெக்ட் வாத்தியார் திரும்பத் திரும்பச் சொல்வார்: "சென்சார் வாங்கறதுக்கு முன்னாடி, ரீடிங் வந்தா என்ன பண்ணப் போறேன்னு எழுதிக் கொடுடா." அப்போது எரிச்சலாக இருக்கும்.

உறிஞ்சிய காலம்

அளக்க முடியாவிட்டால் என்ன, குழந்தை பிறந்ததும் உறிஞ்சி எடுத்துவிடலாமே? 1974-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி குழுவினரும், 1976-ல் கார்சன் குழுவினரும் இந்த வழியைச் சொன்னார்கள். தலை வெளியே வந்தவுடன், தோள் வருவதற்கு முன்பே வாயையும் மூக்கையும் உறிஞ்சு. பிறந்ததும் மூச்சுக்குழாயில் குழாய் விட்டு உறிஞ்சு. கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது? உலகம் முழுக்க இதுவே சட்டமானது. கால் நூற்றாண்டு இப்படி ஓடியது.

பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 2000-ல் விஸ்வெல் குழுவினர் 2094 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். நன்றாக அழும் குழந்தைக்குக் குழாய் விட்டு உறிஞ்சுவதால் பயனில்லை. 2004-ல் நெஸ்டர் வயின் குழுவினர் பெரும்பாலும் அர்ஜென்டினா ஆஸ்பத்திரிகளில் 2514 குழந்தைகளைப் பார்த்தார்கள். தோள் வெளிவருமுன் உறிஞ்சுவதாலும் பயனில்லை. கருப்பைக்குள் உப்புநீரை ஏற்றி மெகோனியத்தை நீர்க்கச் செய்யும் முறையையும் 13 நாடுகளில் 1998 தாய்மார்களிடம் சோதித்து, 2005-ல் ஃப்ரேசர் குழுவினர் எழுதினார்கள். நல்ல கண்காணிப்பு இருக்கும் இடத்தில் அதனாலும் பெரிய பலன் இல்லை. கண்காணிப்பு வசதி குறைந்த இடங்களில் பலன் இருக்கலாம் என்று மட்டும் சில ஆய்வுகள் சொல்லின.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அழாமல், துவண்டு பிறக்கும் குழந்தைக்காவது உறிஞ்ச வேண்டாமா? அதைத் தொட எல்லாருக்கும் பயம்.

கோரிமேட்டில் 122 குழந்தைகள்

அந்தக் கேள்வியைக் கேட்டது எங்கே தெரியுமா? நம் புதுச்சேரியில்! 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 1964-ல் ஜிப்மர் என்று பெயர் பெற்றதே, அந்தக் கோரிமேடு ஆஸ்பத்திரியில். சுபாஷ் செத்ரி, பெத்தூ ஆதிசிவம், விஷ்ணு பட் ஆகிய மூன்று மருத்துவர்கள், பச்சை நீரில் துவண்டு பிறந்த 122 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மூச்சுக்குழாயில் உறிஞ்சினார்கள். மறுபாதிக்கு உறிஞ்சாமல் நேரே மூச்சுக் கொடுக்கும் வேலையைப் பார்த்தார்கள். நுரையீரல் பாதிப்பிலும் சரி, இறப்பிலும் சரி, ஒன்பதாம் மாதத்தில் பார்த்த வளர்ச்சியிலும் சரி, இரண்டு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2015-ல் குழந்தை மருத்துவத்துக்கான அமெரிக்க இதழில் வெளியானது. அடுத்து டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சுஷ்மா நங்கியா குழுவினர் 175 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வும் அதையே சொன்னது.

2015-ல் உலக அளவிலான உயிர்ப்பு வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. துவண்டு பிறந்த குழந்தைக்குக்கூட வழக்கமாக உறிஞ்ச வேண்டியதில்லை. முதல் நிமிஷத்துக்குள் மூச்சுக் கொடுப்பதுதான் முக்கியம் என்றார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் பழகிய கைப்பழக்கம் மாறியதில் நம் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கும் பங்கு இருக்கிறது. தினமும் அந்த வாசலைத் தாண்டி பஸ்ஸில் போகிறோம், நமக்கே தெரியாது.

ஆக, இன்றைய நிலை இதுதான். நீர் பச்சையாக இருந்தால் யாரும் அளப்பதில்லை. குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் கவனிக்கிறார்கள். பிறந்ததும் மூச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். குழந்தை அழுதால் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்கள். அழாவிட்டால் பையும் மாஸ்க்கும் கையில் தயாராக இருக்கும். அந்த டாக்டரம்மா என்னிடம் சொன்னது ஒரே வரி. அதற்குப் பின்னால் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது.

மணப்பட்டுக்கு வருகிறேன்

எங்கள் ஊர் மணப்பட்டு. பாகூர் கொம்யூனில் கடலை ஒட்டிய கிராமம். கன்னியக்கோயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, கிழக்கே கடல் பக்கமாகப் போக வேண்டும். நான் வீட்டுக்கு மூத்த பிள்ளை என்று எல்லாரும் சொல்வார்கள். நான் மூத்தவன் இல்லை. 1986-ல் எனக்கு முன் ஒரு அக்கா பிறந்தாள். வீட்டிலேயே, மருத்துவச்சி கையில் பிறந்தாள். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். 1992–93-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே, நாட்டில் நாலில் ஒரு பிரசவம்தான் ஆஸ்பத்திரியில் நடந்ததாக இருக்கிறது.

அம்மா சொன்னது: நாள் தாண்டிப் பத்து நாள் ஆகியிருந்தது. ராத்திரி லேசாக வலி எடுத்தது. அப்பா ஊரில் இல்லை. மாமியாரை எழுப்பக் கூச்சப்பட்டு, விடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். விடிந்ததும் பனிக்குடம் உடைந்தது. "ஏரிப் பாசி மாதிரி பச்சையா கெட்டியா வந்துச்சு" என்பார். குழந்தை அழவில்லை. இழுத்து இழுத்து மூச்சு விட்டது. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "புள்ள தண்ணி குடிச்சிடுச்சு" என்றாராம் மருத்துவச்சி. "வலியை அடக்கினா உள்ளயே போவாம என்ன பண்ணும்?" என்று பாட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் சுமந்திருக்கிறார். நர்சம்மா "பச்சை" என்றதும் தரையில் சரிந்தது அதனால்தான்.

இதெல்லாம் படித்து முடித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னேன். நாள் தள்ளினால் மூன்றில் ஒரு குழந்தை உள்ளேயே போய்விடும் என்று சொன்னேன். வலியை அடக்கினால் மலம் போகும் என்று எந்த ஆராய்ச்சியிலும் இல்லை என்றேன். அந்த நீர் உடைந்தபோதுதான் பச்சையானது என்றும் சொல்ல முடியாது. வலி எடுப்பதற்கு முன்பே கலந்திருக்கலாம் என்று, நகக் கதையையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒன்று கேட்டார்.

"அப்போ யாராச்சும் அந்தத் தண்ணிய அளந்து பாத்திருந்தா எம் புள்ள பொழச்சிருக்குமா, தம்பி?"

அளவைகளைப் பற்றி இத்தனை பக்கம் படித்த எனக்கு நாக்கு புரளவில்லை. கடைசியில் உண்மையைத்தான் சொன்னேன். "அளந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதும்மா. பக்கத்துல நெஞ்சுத் துடிப்பைக் கேக்க ஒரு ஆள் இருந்து, பொறந்த உடனே மூச்சுக் குடுக்கத் தெரிஞ்ச ஒரு கை இருந்திருந்தா, ஒருவேளை பொழச்சிருக்கலாம். அது உன் கையில இல்ல. நீ தூங்காம இருந்ததாலயோ, எழுப்பாம இருந்ததாலயோ இல்ல."

அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், பேத்தியைத் தூக்கி அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து நகத்தைப் பார்த்தார். எல்லாம் ரோஜா நிறத்தில் இருந்தன.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு: 2019–21 கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு 88 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. உங்களில் யாராவது மருத்துவக் கருவி செய்யப் போகலாம். செய்யுங்கள். எதை அளக்கலாம் என்று தேடுவதற்கு முன்னால், பிரசவ அறைக்கு வெளியே ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு எந்த எண் தேவைப்படுகிறது என்று கேளுங்கள். எண்ணே வேண்டாம், ஒரு ஆள்தான் வேண்டும் என்றுகூட பதில் வரலாம். அந்தப் பதிலையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.